ஒரு கோடுகூட இல்லாத பதிவேடு

அன்று அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். பிற்பாடு யார் யாரோ தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏரி ஆய்வு நிலையத்தின் ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவர்; வயது எழுபத்தொன்பது, எல்லோருக்கும் அவர் ‘பெரியவர்’. அவருடைய மகன் இரண்டாமவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். மூன்றாவது, பூட்டிக் கிடந்த நிலையத்துக்குச் சாவி வைத்திருந்த காவலாளி. நான்காவது, பழைய பதிவேடுகளின் நகல்களை இரண்டு வருடமாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. பல்கலைக்கழகத்தில் அவளை அக்கா என்பார்கள். இந்த நிலையத்தில் முதன்முதலாக நீர்மட்டம் அளந்தவரின் மகள் அவள். வேறு யாரும் அங்கே இல்லை.

மதியம் ஒன்றரை மணிக்குக் கார் போய் நின்றது. ஏரிக்கு மேலே மேகம் இறங்கி, பகலிலேயே வெளிச்சம் கறுத்திருந்தது. பதினான்கு வருடமாகத் திறக்காத பூட்டு. காவலாளி எண்ணெய் விட்டு, உதைத்து, கடைசியில் கெஞ்சியும் பார்த்தார்.

“இதுக்கு என் பெண்டாட்டி பரவாயில்லை சார். அவளாவது ரெண்டாவது தட்டுக்குக் கதவைத் திறப்பா.”

கதவு திறந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. பூட்டிய வீட்டின் புழுதி வாடை இல்லை. ஏரியின் அடிச் சேற்றை அப்போதுதான் வாரிப் போட்டதுபோல, பச்சையாக, குளிர்ந்து இருந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் அப்பா வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையிலும் இதே வாடைதான் வரும்.

வந்த வேலை இதுதான். முப்பத்தோரு வருடத்து நீர்மட்ட அளவுகளை வைத்துத் தந்தையும் மகனும் ஒரு கட்டுரை எழுதி, பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாளும் விடுபடாத தொடர் என்பதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை. உலகத்தில் இப்படி நாலைந்துதான் உண்டு என்று பெரியவர் சொல்வார். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: ‘அளவெடுப்பவருக்குக் காய்ச்சல் வரும், வெள்ளம் வரும், விளக்கு அணையும். அப்போதெல்லாம் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு வைப்பார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கோடுகூட இல்லாத பதிவேட்டை நான் பார்த்ததில்லை. மூன்றாம் வருட வெள்ளத்தின் பதினோரு நாள் அளவுகளைத் தனி அட்டவணையாகத் தருக. அசல் பக்கங்களையும் காட்டுக.’

திருத்திய கட்டுரையைச் சேர்ப்பிக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. நகரத்து அலுவலகத்தின் அசல் பதிவேடுகள் இப்போது நிலையத்தில்தான் பூட்டிக் கிடந்தன; வெளியே எடுத்துப் போக அனுமதி கிடையாது. அதனால்தான் மடிக்கணினியும் ஸ்கேனருமாக இங்கேயே வந்திருந்தார்கள்.

அக்காவுக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. அதை ஒரு வாரமாக மனதுக்குள் கோத்து வைத்திருந்தாள். ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“தம்பி, கட்டுரைக் கடைசியில நன்றின்னு நாலு வரி இருக்கு இல்லையா. அதுல எங்கப்பா பேரைப் போட முடியுமா?”

மகன் தலையைச் சொறிந்தார். “எனக்கு ஒண்ணுமில்லைக்கா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை…”

“கேட்டுச்சு” என்றார் பெரியவர். ஜன்னலோரம் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். “உலகமே படிக்கப்போற கட்டுரை அம்மா இது. குடிச்சிட்டுக் கிணத்துல விழுந்தவன் பேரை அதுல போடச் சொல்றியா?”

“எங்கப்பா குடிச்சு நான் பார்த்ததில்லைங்க ஐயா.”

“பத்து வயசுப் பிள்ளை எதைப் பார்த்திருக்கும்?”

அவள் ஸ்கேனரின் மூடியைச் சாத்தினாள். நாற்பத்திரண்டு வருடமாக அவள் குடும்பம் தலையில் சுமந்த வரி அது. பெரியவர்தான் அன்று பொறுப்பு அதிகாரி. அவர் கையெழுத்திட்ட அறிக்கையில் இருக்கிறது: ‘பதினோராம் நாள் நள்ளிரவு அளவைத் தெரிவித்த பின், மது அருந்திய நிலையில் தவறி விழுந்து இறந்தார்.’ அம்மா அதற்கப்புறம் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. பள்ளியில் இவளுக்கு ‘மிதந்தவன் மகள்’ என்று பட்டப்பெயர். இவ்வளவுக்கும் அவள் நிமிர்ந்துதான் நடந்தாள். குனிந்தால் அந்த வரி உண்மையாகிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அப்பாவின் வேலை என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏரித் தண்ணீரில் அலை அடிப்பதால் அங்கேயே அளக்க முடியாது. நிலையத்தின் பின்னறையில் ஒரு கிணறு. குழாய் வழியாக ஏரித் தண்ணீர் அதற்குள் வந்து அலையில்லாமல் நிற்கும். சுவரில் இரும்பு அளவுகோலும் ஏணிப்படிகளும், மேலே கீலில் தூக்கிச் சாய்த்து நிறுத்தும் இரும்பு மூடி. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நள்ளிரவு என்று ஒருநாளைக்கு நாலு தடவை உள்ளே இறங்கி அளக்க வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு அப்பா நகரத்து அலுவலகத்துக்குப் போன் செய்து, முந்தின நண்பகலிலிருந்து அன்று காலை வரை எடுத்த நாலு எண்ணையும் சொல்வார். அந்தப் பக்கம் அதிகாரி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் அப்பா ‘சரி’ என்பார். அந்த ‘சரி’ வராமல் போனை வைக்கக் கூடாது.

வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். “மழை வரும், ஜன்னலைச் சாத்து. திருப்பிச் சொல்லு.” அவள் சொல்வாள். “சரி” என்பார்.

அந்த வாரம் அவர் வீட்டுக்கு வரவில்லை. வெள்ளத்தின் மூன்றாம் நாள் அம்மா இவளைக் கூட்டிக்கொண்டு நகரத்து அலுவலகத்துக்குப் போனாள். பொறுப்பு அதிகாரி சிரித்த முகமாகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். “இதோ, இன்னிக்குக் காலையில எடுத்த அளவு. நல்லாத்தான் இருக்காரு. வெள்ள நேரம், எப்படி வருவாரு?” அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இவள்தான் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்: “மூணு புள்ளி ஒன்பது ரெண்டு.” அம்மா முகம் தெளிந்தது. இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த எண்ணை அவள் மறந்ததே இல்லை. அப்பா உயிரோடு இருந்ததற்கு அவளிடம் இருந்த கடைசிச் சான்று அதுதான்.

பன்னிரண்டாம் நாள் மாற்று ஆள் போய், சாத்தியிருந்த மூடியைத் திறந்தபோது உடலைக் கண்டார்கள். ஒரு கால் ஒடிந்திருந்தது.

மூன்று மணிக்கு ஸ்கேன் முடிந்தது. மகன் தன் கைப்பேசியில் இணையம் எடுத்துக் கோப்புகளை ஏற்றினார். அந்த ஆய்விதழில் ஒரு முறை உண்டு. ஏற்றிய கோப்புகளையெல்லாம் சேர்த்து அவர்கள் தளமே ஒரு பிரதியைத் தயாரித்துக் காட்டும். அதைத் திறந்து படித்து, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினால்தான் கட்டுரை போய்ச் சேரும்.

பிரதி வந்தது. மகன் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் நின்றார்.

“அக்கா, இந்தப் பதினோரு நாளைக்கு என்ன அடிச்சீங்க?”

“இருந்ததைத்தான் அடிச்சேன்.”

அட்டவணையில் பதினோரு வரிசை, நாற்பத்து நாலு கட்டம். எல்லாவற்றிலும் கோடு. எண் ஒன்றுகூட இல்லை.

எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். அதில் நாற்பத்து நாலு எண்ணும் ஒழுங்காக இருந்தன. “நம்ம கோப்பைத் தின்னுட்டு ஏப்பம் விடுது” என்று சிரித்துவிட்டு மகன் மறுபடி ஏற்றினார். மறுபடி கோடுகள்.

மூன்றாம் தடவை ஏற்றியபோதுதான் அந்தச் சத்தம் வந்தது.

பின்னறையிலிருந்து. சிமெண்டுச் சுவரில் இரும்பால் கீறுவதுபோல. நீளமாக ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. மூன்று. நாலு.

“பெருச்சாளி” என்றார் காவலாளி. சொன்னவர் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பிரதி வந்தது. முதல் வரிசையில் நாலு எண்கள் இருந்தன. மற்றதெல்லாம் கோடு.

“ஆங், வருது வருது” என்றார் மகன். அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். அவளுக்கு அந்தப் பதினோரு நாளும் மனப்பாடம். அப்பா கடைசியாகச் சொன்ன எண்கள் என்று ஒவ்வொன்றையும் மெதுவாக, ஆசையாக அடித்திருந்தாள்.

“தம்பி, இது நான் அடிச்ச எண் இல்லை.”

பெரியவர் எழுந்து வந்தார். பார்த்தார். “தட்டச்சுல தப்பு” என்றார். “திருத்தி ஏத்து.”

மகன் ஏற்றினார். உள்ளே கீறல் தொடங்கியது. இம்முறை நிற்கவில்லை. அக்கா எண்ணினாள். அஞ்சு, ஆறு, ஏழு… பன்னிரண்டில் நின்றது.

திரையில் மூன்று வரிசை நிரம்பியிருந்தது.

மூன்றாம் நாள், காலை ஆறு. நாலு புள்ளி மூணு ஒண்ணு.

அவள் அம்மாவுக்குப் படித்துச் சொன்ன எண் அது இல்லை.

சேற்று வாடை அறை முழுக்க ஏறிவிட்டது. மேசைமேல் திறந்திருந்த பதிவேட்டில், அந்தப் பக்கத்தில் மட்டும், ஓரத்திலிருந்து ஈரம் பரவியது. கூரை ஒழுகவில்லை. மழை இன்னும் தொடங்கவே இல்லை.

“ஐயா” என்றாள் அக்கா. “மூணாம் நாள் காலையில எங்கப்பா உங்களுக்குப் போன் பண்ணினாரா?”

“நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை…”

“எனக்கும் எங்கம்மாவுக்கும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினீங்க. பண்ணினாரா?”

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். தான் செய்தது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

“லைன் இல்லை. முதல் நாள்லேர்ந்தே போன் வரலை. மழையில கம்பி அறுந்திருக்கும்னு விட்டேன். அதுக்காகக் கோடு போட முடியுமா? தொடர் அறுந்து போயிடும். மழையைக் கணக்குப் பண்ணி எழுதினேன். பன்னிரண்டாம் நாள் வந்த அளவோட சேர்ற மாதிரி வளைச்சு இறக்கினேன். எல்லாரும் செய்யறதுதான்.”

“அப்பா…” என்றார் மகன்.

“நீ சும்மா இரு. அந்தத் தொடர்லதான் நீ பேராசிரியர் ஆனே.”

“ஆள் போயி ஒரு எட்டுப் பார்த்திருக்கலாமே ஐயா” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “எண் வந்துக்கிட்டு இருக்குன்னுதானே யாரும் போகலை. எண் வந்ததுன்னுதானே நாங்களும் வீட்டுக்குப் போனோம்.”

“பதினோரு நாளும் அவன் வேலை பார்த்தான்னுதானே எழுதினேன். விடுப்பு எடுத்தான்னா எழுதினேன்?”

“குடிச்சான்னு எழுதினீங்க.”

அவர் வாயைத் திறக்குமுன் உள்ளே கீறல் மறுபடி தொடங்கியது. இம்முறை யாரும் எதையும் ஏற்றவில்லை. மகனின் கை மடிக்கணினியைவிட்டு விலகி மடியில் கிடந்தது. திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் மறைந்து எண்கள் வந்தன. பதினேழு. இருபது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. நாலு புள்ளி ஆறு. நாலு புள்ளி எட்டு.

இருபத்தேழு.

இருபத்தெட்டு. ஏழாம் நாள் நள்ளிரவு, நாலு புள்ளி ஒன்பது ஆறு.

நின்றுவிட்டது.

மீதிப் பதினாறு கட்டத்திலும் கோடுகள் அசையவில்லை.

அக்கா எழுந்தாள். “அந்த டார்ச்சைக் குடுங்க” என்று காவலாளியிடம் கேட்டாள்.

“வேணாங்க்கா. சொன்னா கேளுங்க.”

“கிணறு எவ்வளவு ஆழம்?”

“மூடி அஞ்சு மீட்டர்ல இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?”

அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே கூடப் போனார். அந்த ஒரு காரியத்துக்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும். கீலில் துருவேறிய மூடியை இருவருமாகத்தான் தூக்க முடிந்தது. வெளியே நின்று தூக்கவே இந்தப் பாடு. கால் ஒடிந்து உள்ளே கிடப்பவன், காற்றில் சாத்திக்கொண்ட அந்த மூடியை எப்படித் தூக்குவான்? மூடியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. பகல் எது, இரவு எது என்று அதில் தெரிந்திருக்கும்.

டார்ச்சு வெளிச்சம் கீழே இறங்கியது. தண்ணீர் வெகு ஆழத்தில் கறுப்பாக நின்றது. அளவுகோலை ஒட்டி, சுவரில் கோடுகள். சாவிக்கொத்தால் கீறியதுபோல விரல் நீளம், ஒன்றின்மேல் ஒன்றாக. தண்ணீர் ஏற ஏற அவையும் ஏறியிருந்தன. முதல் கோடு மூடிக்கு நாலடி கீழே. கடைசிக் கோடு மூடிக்கு இரண்டு விரற்கடை கீழே.

அவர் வேலை பார்த்திருக்கிறார்.

சுவர் முழுக்கப் பாசி. கோடுகளுக்குள் மட்டும் பாசி இல்லை. வெள்ளையாக, சிமெண்டுப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

காவலாளி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கிணற்றின் விளிம்பில் முழங்காலிட்டாள். சத்தமாக, பள்ளிப் பிள்ளைபோல ஆரம்பித்தாள்.

“முதல் நாள், காலை ஆறு. மூணு புள்ளி ஏழு நாலு.”

கீழே இரும்பு சுவரில் தட்டியது. ஒரே ஒரு தட்டு.

அவள் அடுத்ததைச் சொன்னாள். தட்டு. அதற்கடுத்ததை. திரையில் ஒரு தடவை பார்த்ததுதான்; ஒன்றும் பிசகவில்லை. மூன்றாம் நாள் காலை எண்ணைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. “நாலு புள்ளி மூணு ஒண்ணுப்பா. அன்னிக்கு நான் தப்பாப் படிச்சுட்டேன்.”

தட்டு.

இருபத்தெட்டையும் சொல்லி முடித்தாள். மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவளுடையது இல்லை. காவலாளியுடையதும் இல்லை. சேற்று வாடையோடு ஒரு குளிர் அவள் கன்னத்துக்கு நேராக ஏறி வந்தது.

“சரி.”

காவலாளிக்கும் அது கேட்டது. கேட்டதாக அவர் இன்றுவரை சொல்கிறார்.

முன்னறைக்குத் திரும்பியபோது மணி நாலு ஐம்பது. பெரியவர் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய நாற்பத்து நாலு எண்களும் வரிசையாக, ஒரு கோடு இல்லாமல் இருந்தன. மகன் சுவரோரம் நின்று, “வேணாம்ப்பா, அனுப்பாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை நீட்டித் தடுக்கவில்லை. தடுக்கும் பிள்ளையாக அவரை வளர்க்கவில்லை.

பெரியவர் விரலை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துச் சரிபார்த்தார். பிறகு அழுத்தினார். “முடிஞ்சுது. கிளம்பலாம்” என்றார்.

அக்கா அவர்களோடு காரில் ஏறவில்லை. மழையில் நடந்தே பெரிய சாலைக்குப் போனாள்.

ஐந்து வாரம் கழித்துக் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: ‘இப்போது நம்புகிறேன். இருபத்தெட்டு அளவுகளும் அதன்பின் பதினாறு கோடுகளும் ஒரு நேர்மையான மனிதரைக் காட்டுகின்றன. அவர் பெயரை ஏன் சொல்லவில்லை?’ மகன் பதறி, அனுப்பிய பிரதியைத் திறந்து பார்த்தார். அட்டவணையிலும் அசல் பக்கங்களின் படத்திலும் இருபத்தெட்டு எண், பதினாறு கோடு. திருத்தம் வேண்டும் என்று பெரியவர் மூன்று தடவை எழுதவைத்தார். மூன்று தடவையும் இதழ்க்காரர்கள் திருத்தினார்கள். திறந்தால் அதேதான். அச்சுப் பிரதி தபாலில் வந்தபோது அந்தத் தாள் மட்டும் நனைந்திருந்தது. நன்றிப் பகுதியில் பெயர் இல்லை. அதைப் போட மகனுக்கு அனுமதி தேவைப்பட்டது, அனுமதி கிடைக்கவில்லை.

அச்சுப் பிரதி வந்த அன்றிலிருந்து பெரியவரின் படுக்கையறைச் சுவரில் கோடுகள் விழத் தொடங்கின. தரையிலிருந்து மேலே, ஒருநாளைக்கு நாலு. மருமகள் வெள்ளையடித்தாள், மறுநாள் அதற்கு மேலே விழுந்தன. அந்த அறையைவிட்டு அவர் போகவில்லை. யாருக்காகவும் எழுந்து இடம் கொடுத்துப் பழக்கமில்லாதவர்.

“ஒரு தடவை திருப்பிச் சொல்லிடுங்கப்பா” என்று மகன் கெஞ்சினார். “அந்தக்கா சொன்னாங்க, நின்னுடுச்சு. இருபத்தெட்டு எண்தானே?”

“என் பதிவேட்டுல இல்லாத அளவை நான் ஒத்துக்கமாட்டேன்.”

ஏழாம் நாள் நள்ளிரவுக் கோடு கூரைக்கு இரண்டு விரற்கடை கீழே விழுந்தது. காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. படுக்கை காய்ந்துதான் இருந்தது. அறையில் சேற்று வாடை மட்டும் இன்னும் போகவில்லை. யாரும் அங்கே படுப்பதில்லை.

கடைசிக் காலத்தில் பெரியவர் மனம் திருந்தி, உண்மையான அளவுகளைத் தன் கையாலேயே கட்டுரையில் சேர்த்துவிட்டுப் போனார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இரங்கல் கூட்டத்திலும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. அவர் திருந்தவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. அந்த அளவுகளை அளந்தவரே அனுப்பினார்.